பசுமைப் பள்ளியை மரக்கன்றில் தொடங்க வேண்டாம்

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். பள்ளி திறந்த சூட்டோடு பத்து மரக்கன்றுகள் வந்து இறங்கும், குழி தோண்டப்படும், படம் எடுக்கப்படும். கன்னியாகுமரி, தென்காசி, நீலகிரி, கோவையின் மேற்கு ஓரம் போன்ற தென்மேற்குப் பருவமழை எட்டும் இடங்களில் இது சரிதான். தமிழ்நாட்டின் மற்ற பகுதிகளில் அப்போது வெயில் இன்னும் இறங்கியிருக்காது. நல்ல மழைக்கு ஐப்பசி வரவேண்டும். அதற்குள் பாதிக்கு மேல் காய்ந்து குச்சியாகி, அடுத்த ஆண்டு அதே குழியில் அடுத்த கன்று நிற்கும்.

பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் புதிதாக வந்த பெற்றோர், சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பைத் தலையில் வாங்கிக்கொண்ட ஆசிரியர், ஊர்ப் பள்ளிக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று நினைக்கிற முன்னாள் மாணவர் ஆகியோருக்காக எழுதப்பட்டது இது. வேலையின் வரிசை: தண்ணீர், கை கழுவுமிடம், கழிப்பறை, புகை, கொசு, வெப்பம், கடைசியாக மரம். முதல் மூன்றும் படத்தில் அழகாக விழாது. குழந்தை வயிற்றுப்போக்கோடு வீட்டில் படுப்பதும் படுக்காததும் அந்த மூன்றில்தான் இருக்கிறது.

முதல் நாள்: சுற்றிப் பார்ப்பது

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துப் பயனில்லை. பள்ளி நடக்கும் நாளில், காலை கூட்டுவதற்கு முன்பே போய் மாலை மணி அடிக்கும் வரை இருங்கள். கையில் ஒரு நோட்டு போதும். எத்தனை குழாய் இருக்கிறது, அதில் எத்தனை தண்ணீர் தருகிறது? சோப்பு கண்ணில் படுகிறதா? கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா? இடைவேளை முடியும்போது பெண்கள் கழிப்பறை முன் எத்தனை பேர் இன்னும் நிற்கிறார்கள்? கூட்டிய சருகு எங்கே போகிறது? முட்டை ஓடு எங்கே விழுகிறது? கிணறு, சம்ப், செப்டிக் டேங்க் ஒவ்வொன்றின் மூடி மேலும் கையால் தட்டிப் பாருங்கள். துருப்பிடித்த தகரமோ விரிசல் விட்ட பலகைக் கல்லோ இருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அன்றைக்கே அதைச் சுற்றி அடைத்துவிட்டு, அந்த வாரமே கான்கிரீட் மூடி போடவேண்டும். இதற்குக் கூட்டம் கூட்டத் தேவையில்லை.

பிறகு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேரிடம் ஒரே கேள்வி: "எந்தக் கழிப்பறைக்கு நீங்க போகமாட்டீங்க, ஏன்?" தலைமை ஆசிரியருக்கே தெரியாத பதில்கள் வரும். "அங்க லைட் இல்ல", "தாழ்ப்பாள் விழாது", "பெரிய அக்காங்க விரட்டுவாங்க". பெண் குழந்தைகள் பலர் கழிப்பறைக்குப் பயந்தே பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும். தண்ணீர் குடிக்கத் தனி மணி அடிப்பது நல்ல பழக்கம். கழிப்பறையைச் சரி செய்யாமல் அந்த மணியை மட்டும் அடித்தால் அதற்கு மதிப்பில்லை.

இதையெல்லாம் யார் முடிவு செய்வது என்று கேட்பார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அந்தக் குழுவின் வேலை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிப்படி அந்த மானியத்தில் குறைந்தது 10 விழுக்காடு தூய்மைப் பணிக்கு. பணம் எப்போது வந்து சேரும் என்பது வேறு கதை. ஆகவே கீழே சொல்வதில் பெரும்பகுதி காசு அதிகம் கேட்காத வேலைகளாகவே இருக்கும்.

தண்ணீர்

குடிக்க மட்டும் ஒரு குழந்தைக்கு நாளுக்கு 1.5 முதல் 2 லிட்டர் என்று கணக்கு வையுங்கள். 150 பேர் படிக்கும் பள்ளிக்கு 300 லிட்டர். கை கழுவ, தட்டுக் கழுவ, கழிப்பறைக்கு வேண்டியது தனி. குடிநீர்த் தொட்டியும் கழிப்பறைத் தொட்டியும் ஒன்றாக இருந்தால் முதலில் பிரியுங்கள். மோட்டார் ஓடாத நாளில் கழிப்பறை முழுவதையும் குடித்துவிடும்.

தண்ணீரைச் சோதிக்காமல் எந்த இயந்திரமும் வாங்கக்கூடாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் இருக்கிறது. மாதிரி எடுக்கும் முறையையும் பாட்டிலையும் அங்கேயே கேட்டு வாங்குங்கள், கிருமிச் சோதனைக்குச் சாதாரணத் தண்ணீர் பாட்டில் ஆகாது. அறிக்கையில் பார்க்க வேண்டியவை இந்தியத் தரநிலை 10500-இன்படி: கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை. ஃபுளோரைடு 1, அதிகபட்சம் 1.5. நைட்ரேட் 45. மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலை கிருமி இருக்கவே கூடாது.

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு கூடுதல். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையாக அது தெரியும். கொதிக்க வைத்தால் போகாது, நீர் வற்றுவதால் இன்னும் கூடும். குளோரின் போட்டாலும் போகாது. அங்கே சரியான வழி, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் போன்ற குழாய் நீரைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, ஆழ்துளைக் கிணற்று நீரைக் கழிப்பறைக்குத் தள்ளுவதுதான்.

ஆர்.ஓ. இயந்திரம் வாங்கித் தருகிறேன் என்று நன்கொடையாளர் வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். ஆண்டுதோறும் வடிகட்டியும் சவ்வும் மாற்ற யார் பணம் தருவார்? கழிவாக வெளியேறும் உப்பு நீர் எங்கே போகும்? நல்ல நீரைவிடக் கழிவு நீர்தான் பெரும்பாலும் அதிகம் வரும். அதைக் கொண்டு தரை கழுவலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம், செடிக்கு ஊற்றக்கூடாது. உப்பு அளவுக்குள் இருக்கும் ஊருக்கு அந்த இயந்திரம் தேவையே இல்லை. மாற்றாத வடிகட்டியில் கிருமி வளரும். மூலையில் தூசி படிந்து நிற்கும் ஆர்.ஓ. பெட்டி எத்தனையோ பள்ளிகளில் உண்டு.

கிருமிக்கு மலிவான மருந்து பிளீச்சிங் பவுடர். முறை இது:

1. தொட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வடித்து, பிரஷ்ஷால் சுவரைத் தேய்த்து, அடியில் படிந்த சேற்றை அள்ளி, அலசிவிட வேண்டும். கழுவிய தேதியைத் தொட்டி மேல் பெயிண்டால் எழுதுங்கள். எழுதாத தேதி யாருக்கும் நினைவிருக்காது.
2. தொட்டியில் 1000 லிட்டர் நீருக்குச் சுமார் 4 கிராம் பிளீச்சிங் பவுடர். சின்டெக்ஸ் 5000 லிட்டர் என்றால் 20 கிராம். கண்ணளவு வேண்டாம், சிறிய டிஜிட்டல் தராசில் நிறுத்து, தொட்டி அளவுக்கேற்பப் பொட்டலம் கட்டி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவையுங்கள்.
3. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் நீர் விட்டுக் கூழாகக் குழைத்து, மேலும் நீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். தெளிந்த மேல்நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அடியில் தங்கும் சுண்ணாம்பை வெளியே கொட்டிவிடுங்கள். மூக்கையும் கண்ணையும் காத்துக்கொண்டு பெரியவர்தான் இதைச் செய்யவேண்டும்.
4. குறைந்தது அரை மணி நேரம் கழித்தே குழாயைத் திறக்கலாம். முந்தின நாள் மாலை தொட்டி நிரம்பியதும் போட்டுவிட்டால் காலையில் கவலையில்லை.
5. தொட்டியிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் குழாயில் நீர் பிடித்து, குளோரின் அளவு காட்டும் குளோரோஸ்கோப் கருவியில் பாருங்கள். மருந்துத் துளி விட்டதும் வெளிர் மஞ்சள் வரும். லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை காட்டினால் போதும். தரநிலையின் மேல் எல்லை 1.

ஒன்றும் காட்டவில்லையா? பவுடர் பழசாக இருக்கும். நல்ல சரக்கில் 30 விழுக்காட்டுக்கு மேல் குளோரின் இருக்கும், சாக்கைப் பிரித்து ஈரக் காற்றில் வைத்தால் சில மாதத்தில் அது வெறும் சுண்ணாம்புதான். பவுடர் புதிது என்றால் தொட்டி அழுக்கு. குளோரினை அந்த அழுக்கே தின்றுவிட்டது. கலங்கல் நீரிலும் இதே கதை, முதலில் தெளியவைத்து வடிகட்ட வேண்டும்.

கை கழுவுமிடம்

சத்துணவுக்கு மணி அடித்ததும் 150 பிள்ளைகள் பத்து நிமிடத்தில் கை கழுவ வேண்டும். மூன்று குழாய் வைத்துக்கொண்டு "சோப்புப் போட்டுக் கழுவு" என்று சுவரில் எழுதிப் பயனில்லை. பத்தடி பிவிசி குழாயை இடுப்புக்குக் கொஞ்சம் கீழே படுக்க வைத்து, ஓரடிக்கு ஒன்றாக 2 மில்லிமீட்டர் துளை போட்டு, ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் ஒரே ஒரு வால்வு வையுங்கள். ஒரே நேரத்தில் பத்துப் பேர் கழுவலாம். குழாய்த் திருகு உடைவது, திருடுபோவது, திறந்தே கிடப்பது மூன்றும் இதில் கிடையாது. தொடக்கப் பள்ளிக்கு உயரம் 2 அடி. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 2.5 அடி. துளை கீழ்நோக்கி நேராக இருந்தால் சட்டை நனையும், சற்று உள்பக்கம் சாய்த்துப் போடுங்கள்.

சோப்புக் கட்டியைக் காக்கை தூக்கிக்கொண்டு போகும். வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டுக் கட்டித் தொங்கவிடலாம். அதைவிட மலிவு சோப்பு நீர்: 1.5 லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் சலவைத்தூள், பாட்டில் மூடியில் சிறு துளை. ஆளுக்கு ஒரு பீச்சு. 20 வினாடி தேய்க்க வேண்டும். அதற்கு ஒரு பாட்டை வைத்துக்கொள்வது ஆசிரியர் விருப்பம். கை கழுவுமிடத்தைத் தாண்டித்தான் தட்டு வாங்கும் வரிசைக்கு வரமுடியும் என்று கயிறு கட்டிவிட்டால் நினைவூட்டும் வேலை பாதி குறையும்.

கழுவிய நீர் வாழைக்கும் கல்வாழைக்கும் போகட்டும். இடையில் ஒரு கம்பிவலைத் தட்டு அவசியம். சோற்றுப் பருக்கை போய் அடைத்துக்கொண்டால் வாய்க்கால் நாலே நாளில் நாறும். தட்டைத் தினமும் தட்டிவிட ஒரு ஆள் பெயர் வேண்டும். கீரைப் பாத்திக்கு இந்த நீரை விடாதீர்கள்.

கழிப்பறை

40 பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறையும் மூன்று சிறுநீர்த் தொட்டியும் என்பது பள்ளிகளுக்கான நடைமுறை அளவு. புதிதாகக் கட்டுவதற்கு முன் பூட்டிக் கிடப்பதைத் திறக்கவைப்பது எளிது. பூட்டியதற்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே தண்ணீர் இல்லாததே. உள்தாழ்ப்பாள், விளக்கு, வாளி, குவளை, துணி மாட்ட ஒரு ஆணி ஆகியவற்றை முதலில் சரி செய்யுங்கள்.

சுத்தம் செய்யும் வேலை பிள்ளைகளுடையது கிடையாது. தண்டனையாகவும் கூடாது, 'பழகட்டும்' என்றும் கூடாது. குறிப்பிட்ட சாதிப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வேலை வாங்குவது குற்றம். தூய்மைப் பணியாளருக்கு முழங்கை வரை ரப்பர் கையுறை, காலணி, நீண்ட பிடி பிரஷ் ஆகியவற்றைப் பள்ளி மேலாண்மைக் குழு வாங்கித் தரவேண்டும். செப்டிக் டேங்குக்குள் ஆள் இறங்கவே கூடாது, உறிஞ்சு வண்டிதான். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டம் இந்த ஆபத்தான வேலையையும் தடை செய்கிறது.

பணியாளரும் தலைமை ஆசிரியரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியது ஒன்று: பிளீச்சிங் பவுடரும் ஆசிடும் ஒரே இடத்தில் ஒருபோதும் சேரக்கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், சின்ன அறையில் அது மூச்சை அடைத்துவிடும். சிறுநீர் தேங்கிய தொட்டியில் நேரடியாகப் பிளீச்சிங் போட்டாலும் காரமான வாயு வரும், முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் போடவேண்டும். உப்புத் தண்ணீர் ஊர்களில் பீங்கானில் மஞ்சள் கறை ஏறும், அதைப் பார்த்து ஆசிட் கேட்பார்கள். தினமும் ஆசிட் ஊற்றினால் டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமெண்டு அரிக்கும், செப்டிக் டேங்கில் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிரும் சாகும். அன்றாடத்துக்குச் சோப்புத்தூளும் பிரஷ்ஷும் போதும்.

பெண்கள் கழிப்பறைக்குள்ளேயே மூடியுள்ள தொட்டி, பக்கத்தில் பழைய செய்தித்தாள். சுற்றிப் போட்ட நாப்கினை மற்றக் குப்பையோடு கலக்காமல் ஊராட்சியின் தூய்மைக் காவலரிடம் தனியே கொடுக்க வேண்டும். சுவரில் மாட்டும் சிறிய எரிப்பான்களில் எங்களுக்கு நம்பிக்கை குறைவு. நாப்கினில் பிளாஸ்டிக் இருக்கிறது, போதிய சூடு இல்லாமல் எரிந்தால் நச்சுப் புகை வகுப்பறைப் பக்கமே திரும்பும். ஏற்கெனவே இருந்தால் புகைக்குழாய் கூரைக்கு மேல் ஏறுகிறதா என்றாவது பாருங்கள்.

சருகுப் புகை

காலை எட்டரைக்கு மைதானத்தைக் கூட்டி, வேப்பம் சருகைக் குவித்து, ஒரு தீக்குச்சி. பிள்ளைகள் உள்ளே வரும் நேரத்தில் புகை தரையோடு படர்ந்து நிற்கும். அந்தக் குவியலில் மிட்டாய் உறையும் பேனாக் கூடும் சேர்ந்தே எரியும். இழுப்பு உள்ள பிள்ளைகளுக்கு அன்றைய பொழுது போயிற்று. 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் குப்பை எரிக்க நாடு முழுக்கத் தடை போட்டு, 5,000 ரூபாயிலிருந்து அபராதமும் வைத்தது. அதைச் சொல்லிப் பணியாளரை மிரட்ட வேண்டாம். சருகைக் கொட்ட அவருக்கு ஓர் இடம் கொடுத்தால் அவர் ஏன் எரிக்கப்போகிறார்?

கம்பிவலையை 3 அடி உயரம், 4 அடி விட்டத்தில் வட்டமாகக் கட்டுங்கள். இரண்டு வேண்டும், ஒன்று நிரம்ப ஒன்று மக்க. ஓரடி சருகு, அதன் மேல் சாணிக்கரைசல் (ஒரு பங்கு சாணிக்குப் பத்துப் பங்கு நீர்), கைப்பிடி மண், மறுபடி சருகு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரவேண்டும், ஒன்றும் வராவிட்டால் நீர் தெளியுங்கள். மூன்று நான்கு மாதத்தில் கருப்பாக உதிரும். மா, பலா இலை தடிப்பானவை, நேரமாகும். எறும்பு ஏறியிருந்தால் ஈரம் குறைவு.

சத்துணவுக்கூடக் கழிவு வேறு குழியில். 3 அடிக்கு 3 அடி, ஆழமும் அதே. காய்த்தோல் ஒரு பங்குக்குச் சருகு இரண்டு பங்கு. நாறினால், புழு நெளிந்தால் ஈரம் அதிகம் என்று பொருள், சருகைக் கூட்டுங்கள். மிஞ்சிய சோறு சாம்பாரை அதில் கொட்டினால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். மாடு வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடலாம். அதற்கும் முன்னால், முதல் தடவை குறைவாகப் போட்டுக் கேட்டால் மறுபடி போடுங்கள் என்று சமையலர் அக்காவிடம் பேசினாலே மிச்சம் சுருங்கும்.

முட்டை ஓட்டை மறந்துவிடுகிறார்கள். 100 பிள்ளைகள் உள்ள பள்ளியில் முட்டை போடும் நாளொன்றுக்கு அரைக் கிலோ ஓடு சேரும். சன்னல் வழியே எறிந்தால் நாயும் காக்கையும் கூடும். சாப்பிடும் இடத்திலேயே தனி வாளி வைத்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, மிதித்து நொறுக்கி, முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் போடுங்கள்.

கொசு

டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள். அதனால் வாரம் ஒருநாள், வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்வோம், எல்லாப் பாத்திரத்தையும் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்தால் மட்டும் போதாது, முட்டை பாத்திரத்தின் உலர்ந்த உட்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பலரும் பார்க்காத இடங்கள்: சன்னல் மேல் சன்ஷேடு, மொட்டைமாடி வடிகால் வாய், உடைந்த பெஞ்சு அடுக்கிய மூலை, விளையாட்டுக்குப் போட்ட டயர். டயரில் கீழ்ப்பக்கம் இரண்டு துளை போட்டுவிட்டால் தீர்ந்தது.

வெயில், பெயிண்ட், கூரை

வகுப்பறைச் சூட்டில் பெரும்பங்கு கூரையிலிருந்து இறங்குகிறது. மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பதுதான் மிக மலிவான வழி. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு 5 லிட்டர் தண்ணீர் என்று நீற்றி, வடிகட்டி, கொஞ்சம் பசை சேர்த்து இரண்டு மூன்று பூச்சு, மாசியில் அடித்தால் கோடை தாங்கும். மழை அதைக் கழுவிவிடும், ஆண்டுதோறும் அடிக்கவேண்டும். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், பிள்ளைகள் அருகில் இருக்கக்கூடாது.

ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் துளை போடாதீர்கள், தேய்க்காதீர்கள், உடைந்த துண்டைக் காய்ந்தபடி கூட்டாதீர்கள். நீர் தெளித்து, மூக்கை மூடி, தடித்த பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் வெளியே வராது.

பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. வீட்டு, அலங்காரப் பெயிண்டுக்கு மட்டும்தான் அந்த விதி. ஆகவே ஊஞ்சல், சறுக்குமரத்துக்கு அடிக்க வாங்கும்போது டப்பாவில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய பெயிண்டைச் சுரண்டுவதாக இருந்தால் நனைத்துச் சுரண்டி, தூளை அள்ளிவிட வேண்டும், விடுமுறையில்.

வாசலுக்கு வெளியே இரண்டு எல்லை உண்டு: 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது, 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தீனி விற்கக்கூடாது. கடைக்காரர் பெரும்பாலும் ஏதாவது ஒரு பிள்ளையின் தாத்தாவாக இருப்பார். கடலை மிட்டாயும் கொய்யாவும் வையுங்கள் தாத்தா என்று கேட்டுப் பார்ப்பது புகார் மனுவைவிட வேகமாக வேலை செய்யும்.

இப்போது மரம்

புரட்டாசிக் கடைசியில் குழி, ஐப்பசியில் கன்று. குழி 2 அடிக்கு 2 அடி, ஆழம் 2 அடி. மேல்மண்ணைத் தனியே வைத்து, ஒரு கூடை மக்கிய சருகு உரத்தோடு கலந்து திரும்பப் போடுங்கள். பிளாஸ்டிக் பையைக் கிழித்து எடுத்துவிட்டு நட வேண்டும். இதை எழுதத் தேவையா என்று தோன்றும், செத்த கன்றைப் பிடுங்கிப் பாருங்கள், பையோடு வரும். ஓரடிக் கன்று பத்தைவிட ஆறடிக் கன்று இரண்டு மேல், ஆட்டின் வாய்க்கு எட்டாது. சுற்றி 3 அடிப் பாத்தி, அதில் நாலு விரற்கடை சருகு மூடாக்கு. தண்டிலிருந்து ஒரு சாண் விட்டுப் போடுங்கள், ஒட்டிப் போட்டால் அழுகும்.

வகுப்பறையின் மேற்குப் பக்கத்துக்கு முதலிடம், பிற்பகல் வெயிலை அதுதான் தடுக்கும். புங்கை, வேம்பு, பூவரசு கட்டடத்திலிருந்து 15 அடி தள்ளி. நாவல், ஆல், அரசு 30 அடிக்கு மேல். செப்டிக் டேங்க் அருகிலும் மின்கம்பிக்குக் கீழும் எதுவும் வேண்டாம். செம்மயிற்கொன்றை (குல்மோகர்) அழகுதான், புயல் காற்றில் கிளை முறிந்து விழும். பிள்ளைகள் உட்காரும் இடத்தில் வைக்காதீர்கள். முருங்கை வையுங்கள், ஆனால் வகுப்பறைச் சன்னல் ஓரமாக வேண்டாம்: மழைக்காலத்தில் கம்பளிப்புழு தண்டு முழுக்கப் படியும், பட்டால் உடம்பெல்லாம் தடிக்கும். ஏறினால் கிளையும் சட்டென்று முறியும்.

பள்ளிக்குள் இருக்கவே கூடாதவை: மஞ்சள் அரளி, செவ்வரளி, ஊமத்தை, குன்றிமணிக் கொடி, காட்டாமணக்கு. காட்டாமணக்கு விதை தின்ன ருசியாக இருப்பதால் ஒரு பிள்ளை தின்றால் கூட்டமே தின்று வாந்தி எடுக்கும். வேலியாக இருந்தால் வேரோடு எடுத்துவிடுங்கள். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் கையுறை போட்டுப் பிடுங்க வேண்டும்.

தை முதல் அடுத்த மழை வரை வாரம் இருமுறை கன்றுக்கு 10 முதல் 15 லிட்டர். இரண்டாம் ஆண்டு வாரம் ஒருமுறை. பள்ளி நாளில் இது நடந்துவிடும். ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடும், கன்று சாவது அந்த நாட்களில்தான். மார்ச் மாதக் குழுக் கூட்டத்திலேயே வாரவாரியாக எந்த வீடு, யார் கை என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவர்களாகப் பாருங்கள். ஒவ்வொரு கன்றருகிலும் ஐந்து லிட்டர் மண்பானை ஒன்றைக் கழுத்தளவு புதைத்து, அடித்துளையில் துணித்திரி செருகி, வாயை ஓட்டால் மூடிவிட்டால் ஒருநாள் தவறினாலும் தாங்கும். மோட்டார் அறைச் சாவி தலைமை ஆசிரியர் பையில் வெளியூர் போய்விடாமல், ஒரு நகல் அந்தத் தெருவிலேயே இருக்கட்டும்.